செத்த மீனை யாரும் பார்க்கவில்லை

அத்தியாயம் 6

ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்க எனக்குச் சாதாரணமாக ஒரு நாள் பிடிக்கும். இந்த முறை செத்தது மீன்கள் என்பதால், காபி ஆறுவதற்குள் தீர்மானித்துவிட்டேன்.

"தொட்டியக்காதான். கேஸ் முடிஞ்சுது," என்றேன்.

எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த என் தங்கை, லேப்டாப்புக்கு மேலே கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

"போன வாரம் சைக்கிள் கேஸ்லயும் இப்படித்தான் வாட்ச்மேனைப் பிடிச்சுக் கொடுத்த. கடைசியில சைக்கிளை அதோட சொந்தக்காரனே கடை வாசல்ல மறந்துட்டு வந்திருந்தான்."

"அது வேற, இது வேற."

"ஆமா, வேறதான். அதுல சைக்கிளாவது உயிரோட கிடைச்சுது."

எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நான், ஒரு நிஜ விபத்தைப் பொய் என்று சொன்னதால் வெளியே வந்தவன். புள்ளியியல் படித்துவிட்டுப் புரோகிராம் எழுதும் என் தங்கை, மேலதிகாரியின் கணக்கு தப்பு என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னதால் வெளியே வந்தவள். பெயர்ப்பலகையில் என் பெயர் பெரிய எழுத்திலும் அவள் பெயர் சின்ன எழுத்திலும் இருக்கும். மூளை எந்த விகிதத்தில் பிரிந்திருக்கிறது என்பதைப் பெயர்ப்பலகையில் போடும் வழக்கம் நல்லவேளையாக இல்லை.

என் உள்ளுணர்வைப் பற்றி அவள் ஒருமுறை புரோகிராமே எழுதியிருக்கிறாள். என் முதல் சந்தேகம் எத்தனை கேஸில் சரியாக இருந்தது, நாணயத்தைச் சுண்டிவிட்டு ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தால் எத்தனை கேஸில் சரியாக இருந்திருக்கும் என்று ஒப்பிட்டாள். நாணயம் ஜெயித்தது. அன்றிலிருந்து அவள் கைப்பையில் ஒரு நாணயத்தைத் தனியாக வைத்திருக்கிறாள். நான் அதிகம் பேசினால் அதை எடுத்து மேஜை மேல் வைப்பாள்.

இப்போது வைத்தாள்.

"அதை உள்ள வை," என்றேன். "இந்தத் தடவை நான் சொல்லலை. உன் கம்ப்யூட்டரே சொல்லுது."

நகரத்து மீன் காட்சியகத்தில் ஆறு மாதமாக விலையுயர்ந்த மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. இதுவரை இருபத்து நாலு. இவற்றில் இருபத்தொன்று, தலைமைப் பராமரிப்பாளரான பெண்மணி வேலையில் இருந்த நாட்களில். அவரை எல்லாரும் தொட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். அவருக்குத் திங்கள் முதல் வியாழன் வரை வேலை. மற்ற மூன்று நாட்களை வேறு இரண்டு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்றே மீன்கள்தான்.

காட்சியகத்தின் மேனேஜருக்குச் சந்தேகமே இல்லை. தொட்டியக்காதான் விஷம் வைக்கிறார் என்று சனிக்கிழமை சாயங்காலம் போலீஸில் புகார் கொடுக்கப்போகிறார். "கணக்குப் போட்டு ஒரு அறிக்கை மட்டும் கொடுங்க சார், பக்கபலமா இருக்கும்," என்று எங்களிடம் வந்திருந்தார். இன்றைக்குத்தான் சனிக்கிழமை. வேலை போவது ஒருபுறம் இருக்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தொட்டியக்கா குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிவிடுவார்.

தங்கை செய்தது இவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் காட்சியகத்தைக் கட்டினாள். அதில் இருபத்து நாலு மீன்களை, இன்றைக்கு யார் டியூட்டி என்று பார்க்காமல் இஷ்டத்துக்குச் சாகவிட்டாள். தொட்டியக்காவின் நாட்களில் எத்தனை விழுந்தன என்று எண்ணினாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. இப்படிப் பத்தாயிரம் தடவை. ஆறு ஆறு மாதமாக ஐயாயிரம் வருஷத்தை ஓட்டி முடித்தாள். நான் அதற்குள் ஒரு பிஸ்கட் சாப்பிட்டிருந்தேன்.

"பத்தாயிரத்துல பதினஞ்சு தடவைதான், இருபத்தொண்ணோ அதுக்கு மேலயோ அவங்க தலையில விழுந்துச்சு," என்றாள்.

"போதுமே! தற்செயலா நடக்க வாய்ப்பே இல்லைன்னு ஆச்சு. அப்ப அவங்கதான்."

"முதல் வாக்கியம் ஓரளவுக்குச் சரி. ரெண்டாவது வாக்கியத்தை எங்கேருந்து பிடிச்ச?"

"முதல் வாக்கியத்துலேருந்து."

"அண்ணா, நீ பஸ் ஸ்டாப்புல நிக்கற. பஸ் வரலை. அது தற்செயலா இருக்க வாய்ப்புக் கம்மி. அதனால டிரைவரைக் கொலை பண்ணிட்டாங்கன்னு சொல்லுவியா?"

"போன மாசம் சொன்னேன்."

"ஆமா, சொன்ன," என்று பெருமூச்சு விட்டாள். "ஒரு கதை நொண்டுதுன்னா அடுத்த கதை ஓடும்னு அர்த்தம் இல்லை. அதையும் ஓடவிட்டுப் பார்க்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, எது அதிக தடவை நிஜத்துக்குக் கிட்ட வருதுன்னு பார்க்கணும். நீ ஒருத்தரை மட்டும் ஓடவிட்டுட்டு, ஓடாதவருக்கு மெடல் கொடுக்கற."

அவள் விரல்கள் மறுபடி ஓடின. இப்போது பொய்க் காட்சியகத்தில் ஒரு பொய்த் தொட்டியக்கா, வேலைக்கு வரும் நாட்களில் ஏதாவது ஒரு நாளில் மீனைக் கொன்றுகொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

"இப்ப நிஜத்தைப் பாரு," என்று திரையைத் திருப்பினாள். "அந்த இருபத்தொண்ணும் எந்தெந்தக் கிழமைன்னு பிரிச்சிருக்கேன். பதினேழு திங்கட்கிழமை. மிச்ச மூணு நாளைக்கும் சேர்த்து நாலே நாலு."

"திங்கட்கிழமை வேலைக்குப் போற கடுப்புல யாரா இருந்தாலும் எதையாவது கொல்லத்தான் செய்வாங்க."

"அப்படின்னா மனுஷ இனமே மிஞ்சியிருக்காது. இந்தக் கொலைகாரி நாலு நாள்ல எந்த நாள் வேணும்னாலும் கொல்லலாம். பதினேழு திங்கட்கிழமையில விழணும்னா எத்தனை தடவை நடக்கும்? போட்டுப் பார்த்தேன்."

"எத்தனை?"

"சைபர். பத்தாயிரத்துல ஒண்ணுகூட இல்லை. உன் தற்செயல் கதையாவது பதினஞ்சு தடவை தலை காட்டுச்சு. உன் கொலைக் கதை வாசலுக்கே வரலை."

நான் சாமர்த்தியசாலி. விடவில்லை. "திங்கட்கிழமை மட்டும் கொல்ற கொலைகாரின்னு வெச்சுக்கயேன்."

"விடையைப் பார்த்துட்டுக் கேள்வியை எழுதறது அது. அந்த மாதிரி எழுதினா பரீட்சையில நீகூட பாஸாகியிருப்ப."

பரீட்சை பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எனக்குச் சாதகமாக முடிந்ததே இல்லை. இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொன்னாள்.

"இதுல மீன் என்னிக்குச் செத்துச்சுன்னு எங்கயும் இல்லையே. என்னிக்குக் கண்ணுல பட்டுச்சுன்னுதான் இருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உன் அறையில ஒரு எலி செத்தா, அதை நீ பார்க்கற நாளும் அது செத்த நாளும் ஒண்ணா இருக்குமா?"

என் அறையை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் நான் மறுக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு கதையை ஓட்டினாள். மீன்கள் வாரம் முழுக்கச் சமமாகச் சாகின்றன. ஆனால் தொட்டியக்கா இல்லாத நாட்களில் யாரும் கவனிப்பதில்லை. அவர் திங்கட்கிழமை வந்ததும் மூன்று நாள் பாக்கியும் சேர்ந்து கண்ணில் படுகிறது. அப்படியிருந்தால், பதினேழு திங்கட்கிழமைகள் எத்தனை தடவை வரும்?

"இருநூத்து நாலு," என்றாள். "இருநூறுக்கும் சைபருக்கும் நடுவுல எனக்குக் குழப்பமே இல்லை. ஆனா பத்தாயிரத்துல இருநூறுங்கறதும் கஞ்சத்தனமாத்தான் இருக்கு. இந்தக் கதைப்படி திங்கட்கிழமையில ஒரு பன்னெண்டு போல விழணும். பதினேழு விழுந்திருக்கு. என்னமோ ஒண்ணு இன்னும் விட்டுப்போகுது."

"என்ன விட்டுப்போகுது?"

"தெரிஞ்சா ஏன் உன்னோட உட்கார்ந்திருக்கேன்? எழுந்திரு. முதல்ல கண்ணுல படற விஷயத்தைப் பார்ப்போம்."

காட்சியகத்தின் நுழைவாயிலிலேயே ஒரு பரிசுப்பொருள் கடை இருந்தது. அங்கே என் பர்ஸிலிருந்து பணத்தை எடுத்து, உள்ளங்கை அளவில் ஒரு ரப்பர் மீன் வாங்கினாள் தங்கை. மஞ்சளும் நீலமுமாக, பெரிய தொட்டியில் இருக்கும் ஜாதி மீன் மாதிரியே செய்திருந்தார்கள்.

"இதைத் தொட்டியில மல்லாக்கப் போடற," என்றாள்.

"நானா?"

"நான்தான் மூளை. நீ அனுபவம். அனுபவம்தான் ஏணி ஏறும்."

பெரிய தொட்டிக்குப் பின்பக்கம் ஒரு குறுகலான நடை. ஈரத் தரை, சுவரோரம் சுருட்டி வைத்த குழாய்கள், கொக்கியில் தொங்கும் வலைகள், ஒரு இரும்பு ஏணி. மேனேஜர் எங்களுக்கு எல்லா இடத்துக்கும் போக அனுமதி கொடுத்திருந்ததால் யாரும் தடுக்கவில்லை. ஏணியில் நான் ஏறிய அழகை விவரிக்கப்போவதில்லை. மேலே போய், குனிந்து, ரப்பர் மீனைத் தண்ணீரில் நழுவவிட்டேன். அது வயிற்றைக் காட்டிக்கொண்டு முன்பக்கக் கண்ணாடியோரம் ஒதுங்கியது. அருமையான பிணம். என்னை நானே பாராட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தபோது, என் மூக்குக் கண்ணாடியும் தண்ணீருக்குள் விழுந்தது.

கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னேன். தங்கை சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவள் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டது கண்ணாடி இல்லாமலேயே எனக்குத் தெரிந்தது.

முன் ஹாலில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டோம். எனக்கு உலகமே தண்ணீருக்குள் இருப்பதுபோல் கலங்கித் தெரிந்ததால், அவள் காதோடு காதாக நேர்முக வர்ணனை கொடுத்தாள்.

"மீசை வர்றார்." அன்றைய டியூட்டியில் இருந்த இரண்டு பேரில் மூத்தவர் அவர். "தொட்டிக்கு நேரா நிக்கறார். மீனைப் பார்க்கறார். நல்லாவே பார்க்கறார் அண்ணா. இப்ப கூரையைப் பார்க்கறார். போயிட்டார்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒல்லி வர்றான். அவனும் பார்க்கறான். கிட்ட போறான். அய்யய்யோ, சுத்துமுத்தும் பார்க்கறான். வாக்கி டாக்கியை எடுக்கறான்."

"சொல்லப்போறான்," என்று நான் நொந்துகொண்டேன். இருநூத்து நாலும் போச்சு என்று நினைத்தேன்.

ஒல்லியின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "அண்ணே, பெரிய தொட்டியில யாரோ மூக்குக் கண்ணாடியைப் போட்டிருக்காங்க. முன்னாடியே கிடக்கு. வந்து எடுங்க."

மீசை ஓடி வந்தார். வலைக்கோலை விட்டு, ஒரு நிமிடத்தில் என் கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டார். அது கிடந்த இடத்துக்கு மேலே, ஒரு சாண் தள்ளி, மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது என் ரப்பர் பிணம். வலை அதை இரண்டு தடவை இடித்ததாம். அதை நாசூக்காக ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்தாராம்.

தங்கை தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "கண்ணாடி எங்க அண்ணனோடது. மீனும் எங்களோடதுதான். அதையும் எடுத்துக் கொடுத்துடுங்க."

மீசை அந்த மீனை அப்போதுதான் பார்ப்பவர் மாதிரி திகைத்தார். நடிப்பு மோசம். "எந்த மீன்மா?"

"ரப்பர் மீன்."

"ரப்பரா!" ஒல்லியின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். அது பாசி நாற்றம் அடித்தது.

மீசை கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க ஒரு விதி இருக்குங்க. மேனேஜர் போட்டது. செத்த மீனை யார் முதல்ல பார்க்கறாங்களோ, அவங்கதான் அறிக்கை எழுதணும். அவங்கதான் தொட்டியில பாதித் தண்ணியை இறக்கிக் கழுவணும். மத்த மீனையெல்லாம் தனியா பிரிச்சு வைக்கணும். அன்னிக்குப் பொழுது அவ்வளவுதான், வீட்டுக்குப் போற வழியே இல்லை. அதான்..."

"அதான் பார்க்கறதில்லை."

"பார்ப்போம். பார்த்ததா காட்டிக்க மாட்டோம். யாராவது குழந்தை பார்த்துட்டுக் கத்துச்சுன்னா வேற வழியில்லை, எடுத்துடுவோம்."

"மூணு தடவை கத்தியிருக்கு," என்றாள் தங்கை. அந்த மூன்று மீன்களின் கதை அவ்வளவுதான். "மிச்சமெல்லாம்?"

"தண்ணிக்குள்ள ஒரு பாறை இருக்குல்ல, கோலால அதுக்குப் பின்னாடி தள்ளிவிட்டுடுவோம். திங்கட்கிழமை தொட்டியக்கா வந்தா மூலைமுடுக்கெல்லாம் பார்ப்பாங்க. எடுத்துடுவாங்க. அவங்க பொறுப்பா செய்வாங்கம்மா, குறை சொல்ல முடியாது."

பொறுப்பாகச் செய்ததற்காகத்தான் அவருக்கு இன்றைக்கு ஆறு மணிக்குப் போலீஸ். இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது மீசை தலையைக் குனிந்துகொண்டார். ஒல்லி, "எங்களுக்கு விஷயம் இவ்வளவு தூரம் போகும்னு தெரியாதுங்க," என்றான். அவன் அழுதுவிடுவான்போல இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் காலையில் காபி ஆறுவதற்குள் அவரைக் கொலைகாரி ஆக்கியவன் நான்தான் என்பதும் ஞாபகம் வந்ததால், கோபத்தைத் தொடர முடியவில்லை.

"வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலத்துல இங்க ஏதாவது விசேஷமா நடக்குமா?" என்று தங்கை கேட்டாள்.

"நாங்க அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவோம்மா. அதுக்கப்புறம் மேனேஜரைத்தான் கேக்கணும்."

மேனேஜரின் அறையும் பெரிய தொட்டியும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. தண்ணீருக்குக் காற்று அனுப்பும் மோட்டாரின் இரைச்சல் அந்தச் சுவர் வழியாகவே வந்துகொண்டிருந்தது. அங்கே யார் பேசினாலும் கொஞ்சம் சண்டை போடுவதுபோல்தான் இருக்கும். மேஜை மேல் புகார் தயாராக டைப் அடித்து இருந்தது. எங்கள் அறிக்கையை வைக்க ஒரு கிளிப்கூட மாட்டி வைத்திருந்தார்.

லீவு நாளிலும் மேனேஜர் வரச்சொல்லியிருந்ததால் தொட்டியக்கா வந்து உட்கார்ந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. மீன்வளத்தில் பட்டம் வாங்கியவர், இதே கட்டடத்தில் பதினெட்டு வருஷம். தொட்டியைத் தட்டும் பார்வையாளர்களை, "உங்க வீட்டுக் கதவை நான் இப்படித் தட்டட்டுமா?" என்று அலறவைப்பவர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சத்தம் போடுவார் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் சத்தமே போடவில்லை.

"நீங்க ஏதாவது சொல்லணுமா மேடம்?" என்று மேனேஜர் கேட்டார்.

"தெரியலை சார்."

"விஷம் வெச்சீங்களா?"

"இல்லை சார். ஆனா எப்படிச் சாகுதுன்னு எனக்குத் தெரியலை."

என் அனுபவத்தில், தெரியவில்லை என்பவருக்குத்தான் எல்லாம் தெரியும். ரப்பர் மீனைப் பார்த்த பிறகும் எனக்கு ஒரு நொடி பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது. தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திறக்கப்போனாள். நாணயம் வெளியே வருவதற்குள் நான் முகத்தை மாற்றிக்கொண்டேன்.

அவள் லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள். தற்செயல் கதை, கொலைக் கதை, பார்க்காத கதை, மூக்குக் கண்ணாடி, பாறை. மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்தினார். தொட்டியக்கா மட்டும் எந்த மாறுதலும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. விஷம் வைக்கலை. அப்ப மீன் ஏன் செத்துச்சு?" என்றார் மேனேஜர்.

"அது வாரக் கடைசியிலதான் அதிகமா சாகுது. அதுவரைக்கும் கணக்குல தெரியுது. வெள்ளி, சனி, ஞாயிறு சாயங்காலத்துல இங்க என்ன சார் நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது. ஹாலை வாடகைக்கு விடறோம். பிறந்தநாள், கம்பெனி விழா, அந்த மாதிரி. வருவாங்க, பேசுவாங்க, சாப்பிடுவாங்க, போயிடுவாங்க. மீனை யாரும் தொடறதில்லை. இதோ, இன்னிக்குக்கூட ஒண்ணு இருக்கு, இப்பத்தான் ஆரம்பிக்கறாங்க..."

இரைச்சல் நின்றது.

அப்பாடா, நிம்மதியாகப் பேசலாம் என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். மேனேஜர் பேசிக்கொண்டே இருந்தார். தங்கை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியக்கா எழுந்த வேகத்தில் அவர் நாற்காலி பின்னால் விழுந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

"தப்பிச்சு ஓடறாங்க!" என்று கத்தினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் தங்கை படிக்கப்போகிறாள்.

அவர் வாசல் பக்கம் ஓடவில்லை. ஹாலுக்குள் ஓடினார். கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் மைக்கில் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருக்க, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே புகுந்து, மேடை ஓரத் திரையை விலக்கி, சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. ஸ்பீக்கரிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பி, கோட்டு சூட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, அக்கா, அதைப் போடாதீங்க!" என்று மைக் செட் ஆள் ஓடி வந்தார். "மைக்ல இரைச்சல் ஏறுது."

"யாருய்யா நிறுத்தச் சொன்னது?" இப்போதுதான் அந்தக் குரலை முழுசாகக் கேட்டேன். பார்வையாளர்கள் ஏன் அலறுவார்கள் என்று புரிந்தது.

"மேனேஜர் சார்தான். எல்லா விழாவுக்கும் இப்படித்தானே? ஆறு மாசமா நிறுத்திட்டுத்தான் பேசறாங்க."

பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற மேனேஜரை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"ஒரு மணி நேரம்தானே... பேச்சு முடியற வரைக்கும்தானே..." என்றார்.

"அப்புறம் யார் திரும்பப் போடுவாங்க?" என்று தங்கை மைக் செட் ஆளைக் கேட்டாள்.

"நான்தாங்க. ஸ்பீக்கரையெல்லாம் கழட்டி வண்டியில ஏத்திட்டு வந்து போட்டுட்டுப் போவேன். சில நாள் மூணு மணி நேரம்கூட ஆகும். அவசரத்துல ஒண்ணு ரெண்டு தடவை மறந்திருப்பேன்."

மூச்சுக்குக் காற்று இல்லாமல் மூன்று மணி நேரம். அதில் பலவீனமானவை ஒன்றிரண்டு போய்விடும். மறுநாள் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். தங்கையின் கணக்கில் விட்டுப்போனது இதுதான். வாரக் கடைசியிலேயே அதிகம் செத்ததால்தான் திங்கட்கிழமையின் பன்னிரண்டு பதினேழானது.

"அக்கா, உங்களுக்கு எப்பலேருந்து வெள்ளி சனி ஞாயிறு லீவு?" என்றாள்.

"ஆறு மாசமா. முதல் விழாவுக்கு வந்தவங்க தொட்டி மேலயே ஸ்பீக்கரை வெச்சாங்க. சண்டை போட்டேன். அடுத்த வாரத்துலேருந்து எனக்கு லீவு நாளை மாத்திட்டார். குடும்பத்தோட இருங்கன்னார்."

தொட்டியக்காவை விழாக்கள் இல்லாத நாட்களுக்குத் தள்ளியது, மோட்டாரை நிறுத்தியது, செத்த மீனைப் பார்த்தவருக்குத் தண்டனை வைத்தது, பிறகு அந்த மூன்றும் சேர்ந்து பெற்ற கணக்கைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தது, எல்லாமே ஒரே ஆள். அவரை நம்பிக் கெட்டவன் என்று என்னைச் சொல்ல முடியாது, நான் அவரை முந்திக்கொண்டு கெட்டிருந்தேன். என் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்கு ஃபீஸ் கொடுக்கவேண்டியவரே குற்றவாளியாகச் சிக்கியிருந்தார். அதுவும் நான் பிடித்துச் சிக்கவில்லை.

"மேடம்," என்று மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அந்தப் புகாரைக் கிழிச்சுடறேன். நீங்க திங்கட்கிழமை வழக்கம்போல..."

தொட்டியக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. தொட்டிக்கு முன்னால் போய் நின்று, மேலே வந்திருந்த மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு சூட்டுக்காரர் மோட்டார் இரைச்சலோடேயே நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. கூட்டம் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

தங்கை தொட்டியக்கா அருகே போனாள். நானும் போனேன்.

"ஏம்மா, அந்த ரெண்டாவது கதை சொன்னீங்களே. நான் கொன்னிருந்தா எப்படி இருக்கும்னு போட்டுப் பார்த்தேன்னீங்களே," என்றார் அவர், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுல எத்தனை தடவை ஒத்து வந்துச்சு?"

"ஒரு தடவைகூட வரலைக்கா."

"பத்தாயிரத்துலயா?"

"பத்தாயிரத்துல."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, சிவந்து கிடந்தது.

"திங்கட்கிழமை ஆனாலே கதவைத் திறக்கவே தயங்குவேம்மா. உள்ள வந்து பார்த்தா ஒண்ணு செத்துக் கிடக்கும். தீனியை மாத்தினேன். மருந்தை மாத்தினேன். சோப்புல ஏதாவது இருக்குமோன்னு கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். எனக்கே தெரியாம நான்தான் என்னமோ பண்றேன்னு..." கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். "சார் விஷம் வெச்சீங்களான்னு கேட்டப்ப எனக்குக் கோபம்கூட வரலை. நானும் ஆறு மாசமா மனசுக்குள்ள போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் வந்தேன்."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் என் தங்கை, லேப்டாப்பை மூடி என்னிடம் நீட்டிவிட்டு, அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.